திருவாவடுதுறை: ஊரையும் ஆதீன மடத்தையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாவடுதுறைக் கோயிலையும் ஆதீன மடத்தையும் பார்க்க வந்த உறவினர்களோடும் நண்பர்களோடும் பல முறை கூடச் சென்றிருக்கிறேன். வருகிறவர்கள் மாறினாலும் அவர்கள் கேட்கும் ஐயங்கள் மாறுவதில்லை. வாய்மொழியாக விடை சொல்லும்போது ஒன்று விட்டுப்போகிறது, மற்றொன்று கூடிப்போகிறது. ஆகவே அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதிவைத்து, எனக்குத் தெளிவான விடைகளை அவற்றின் கீழ்த் தந்திருக்கிறேன்.

ஆடுதுறைதானே ஆவடுதுறை? ரெண்டும் ஒரே ஊர்தானே?

இல்லை. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் திருவிடைமருதூரை அடுத்து வருவது ஆடுதுறை. நெல் ஆராய்ச்சி நிலையத்தாலும் அங்கே உருவான ஏ.டி.டி. நெல் வகைகளாலும் உழவர்கள் எல்லோரும் அறிந்த ஊர் அது. தேவாரத்தில் தென்குரங்காடுதுறை என்று வருவதும் அதுவே. திருவாவடுதுறை அதற்குக் கிழக்கே, காவிரியின் தென்கரையில், 2020-இல் தனி மாவட்டமான மயிலாடுதுறை மாவட்டத்தின் குத்தாலம் வட்டத்தில் இருக்கிறது. ஆடுதுறைக்கு அடுத்த நிலையமான நரசிங்கம்பேட்டையில் இறங்கினால் அருகில்.

ஆவடுதுறைன்னா என்ன அர்த்தம்?

'ஆ' என்றால் பசு, 'துறை' காவிரித்துறை. அம்மை பசு உருக்கொண்டு இத்துறையில் வழிபட்டதாகவும், இறைவன் அவளை அணைத்தெழுந்து அந்த உருவினின்று விடுவித்ததாகவும் தலபுராணம் கூறுகிறது. இத்தலத்து உற்சவமூர்த்தியின் பெயரே அணைத்தெழுந்த நாயகர். கோவுக்கு முத்தி கிடைத்த இடமாதலால் கோமுத்தி என்றும் ஊருக்குப் பெயர் உண்டு; குளத்தின் பெயர் கோமுத்தி தீர்த்தம். மூலவர் மாசிலாமணியீசர், அம்மை ஒப்பிலாமுலையம்மை. தலமரம் படர் அரசு.

ஊரின் பழைய கதைகள் எல்லாவற்றிலும் பசு வருவதைக் கவனிக்க வேண்டும். திருமூலர் கதையிலும் அது வரும்.

முதல்ல வந்தது கோயிலா, மடமா?

கோயில்தான். சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் ஆவடுதுறையைப் பாடியிருப்பதால் ஏழாம் நூற்றாண்டிலேயே இது பெயர்பெற்ற தலமாக இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் முற்பாதியில், கோயில் கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) ஆயிற்று. ஆதீன மடம் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. மடத்தின் புகழ் பெரிதாகிவிட்டதால் கோயிலை மடத்தின் ஒரு பகுதிபோல நினைத்து, மடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. இந்த ஊரின் வரலாற்றில் பாதிக்கு மேல் கோயில் சுவர்களில்தான் இருக்கிறது என்பதால் அவர்களிடம் ஒவ்வொரு முறையும் மன்றாடியிருக்கிறேன்.

சம்பந்தருக்கு ஆயிரம் பொன் கிடைச்ச இடம் இதுதானா?

ஆம். தந்தையார் சிவபாத இருதயர் வேள்வி செய்யப் பொருள் வேண்டியபோது, சம்பந்தர் இத்தலத்தில் பதிகம் பாடி ஆயிரம் பொன் அடங்கிய உலவாக்கிழியை (எடுக்க எடுக்கக் குறையாத பொன்முடிப்பை) பெற்றார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. 'இடரினும் தளரினும்' என்று தொடங்கும் அந்தப் பதிகத்தைப் பொருள்முடை தீர வேண்டி இன்றும் ஓதுகிறார்கள்.

திருமூலர் இங்கேயா இருந்தார்? மூவாயிரம் வருஷம்னு சொல்றதை எப்படி எடுத்துக்கறது?

கயிலையிலிருந்து அகத்தியரைக் காணப் பொதிகைக்குச் சென்ற சிவயோகியார் ஒருவர் காவிரிக்கரையில் ஆவடுதுறையை வழிபட்டுப் புறப்படுகிறார். அருகிலுள்ள சாத்தனூரில் மாடு மேய்க்கும் மூலன் என்பவர் இறந்து கிடக்க, பசுக்கள் அவர் உடலைச் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துயரைப் பொறுக்காத யோகியார் தம் உடலை ஓரிடத்தில் மறைத்துவிட்டு மூலனின் உடலில் புகுந்து பசுக்களை ஊர் சேர்க்கிறார். திரும்பி வந்து பார்த்தால் தம் உடலைக் காணவில்லை. அதுவே இறைவன் திருவுளம் என்று தெளிந்து ஆவடுதுறைக் கோயிலில் அரச மரத்தின் கீழ் யோகத்தில் அமர்ந்து, ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் பாடல் அருளினார் என்பது வரலாறு. கோயில் வளாகத்தில் அவருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. ஐப்பசி அசுவதியில் குருபூசை நடைபெறுகிறது.

மூவாயிரம் ஆண்டு என்பதை அடியவர்கள் நம்பிக்கையாகக் கொள்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் திருமந்திரத்தின் காலத்தைப் பலவாறு கணிக்கிறார்கள். என் மனத்தில் நிற்பது அந்த எண் அன்று. ஒரு யோகி தம் வழிப்பயணத்தை நிறுத்தியது பசுக்களின் கண்ணீருக்காக என்பதும், சைவத் திருமுறையின் பத்தாம் நூல் ஒரு மாடு மேய்ப்பவரின் உடலிலிருந்து எழுந்ததாக மரபு சொல்வதும் இவ்வூரார் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டியவை. ஒன்பதாம் திருமுறையிலும் ஊருக்குப் பங்கு உண்டு: திருவிசைப்பா பாடிய ஒன்பதின்மருள் ஒருவரான திருமாளிகைத் தேவர் இங்கே வாழ்ந்தவர், சேந்தனார் இத்தலத்தைப் பாடியிருக்கிறார்.

கல்வெட்டுன்னா தானம், வரி, நிலம்னுதானே இருக்கும்? பார்க்கறதுக்கு என்ன இருக்கு?

நிலம்தான் இருக்கிறது, ஆனால் எதற்காகக் கொடுத்த நிலம் என்று படிக்க வேண்டும். முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, திருவிழாவில் ஆரியக்கூத்து ஆடுவதற்காகக் குமரன் சீகண்டன் என்ற கூத்தனுக்கு விடப்பட்ட நிலத்தைப் பற்றியது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்தச் சிற்றூரில் கூத்தாடியவரின் பெயர் நமக்குத் தெரிகிறது என்பதே எனக்கு வியப்பு.

அதைவிடச் சிறந்தது விக்கிரம சோழன் காலத்து, 1121-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. இங்கிருந்த மடமொன்றில் மருத்துவமும் இலக்கணமும் கற்பவர்களுக்கு உணவளிக்கச் செய்த ஏற்பாட்டை அது தெரிவிக்கிறது. அவர்கள் பயின்ற நூல்களின் பெயர்களும் வருகின்றன: மருத்துவத்தில் அட்டாங்க இருதயமும் சரக சம்ஹிதையும், வடமொழி இலக்கணத்தில் ரூபாவதாரமும். கற்பவனுக்குச் சோறு உறுதியாக இருந்தால்தான் ஏடு கைவிட்டுப் போகாது என்பதை இவ்வூர் அப்போதே அறிந்திருந்தது. பின்னர் ஆதீனத்தின் கல்வி முறையைப் பேசும்போது இந்தக் கல்வெட்டை மீண்டும் நினைவுகூர்வோம்.

அப்ப அந்த 1121 மடம்தான் இன்னிக்கு இருக்கற ஆதீனமா?

அப்படிச் சொல்ல இயலாது. சோழர் காலத்தில் மடம் என்ற சொல் அடியார்க்கும் வழிப்போக்கர்க்கும் கற்பவர்க்கும் உணவும் தங்கிடமும் அளித்த பல வகை இல்லங்களைக் குறித்தது. ஒரே ஊரில் பல மடங்கள் இருந்ததும் உண்டு. இன்றுள்ள ஆதீனம், மயிலாடுதுறையை அடுத்த மூவலூரைச் சேர்ந்த நமச்சிவாய மூர்த்திகளால் நிறுவப்பட்ட தனி மரபு. அவருடைய குரு சித்தர் சிவப்பிரகாசர்.

ஆதீனம் 14-ஆம் நூற்றாண்டுன்னு ஒருத்தர் சொல்றார், 16-ன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

இரண்டு கணக்குகளுக்கும் காரணம் உண்டு. சைவ சித்தாந்தக் குருமார்களான சந்தானாசாரியர் நால்வருள் கடைசியானவர் உமாபதி சிவம்; அவருடைய சங்கற்ப நிராகரணம் என்ற நூலிலேயே சக ஆண்டு 1235 என்ற குறிப்பு இருப்பதால் அவர் 1313-இல் வாழ்ந்தவர் என்பது உறுதி. அவருக்கு மாணாக்கர் அருள்நமச்சிவாயர், அவருக்கு மாணாக்கர் சித்தர் சிவப்பிரகாசர், அவருக்கு மாணாக்கர் நமச்சிவாய மூர்த்திகள். இந்தக் குரு வரிசையைத் தலைமுறையாக எண்ணினால் ஆதீனத்தின் தொடக்கம் 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டி வருகிறது. மடத்து வழக்கு இந்தக் கணக்கைப் பின்பற்றுவது.

வரலாற்று ஆய்வாளர்கள் பலர், பின்வந்த தலைவர்களின் காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, 16-ஆம் நூற்றாண்டைச் சொல்கிறார்கள். தஞ்சைப் பகுதியில் நாயக்கர் ஆட்சி வேரூன்றி, சைவ மடங்கள் பெரிய நிறுவனங்களாக உருவெடுத்த காலம் அது. தருமபுர ஆதீனமும் அந்த நூற்றாண்டில் எழுந்ததுதான். நிறுவனமாகப் பெருகிய காலம் 16 என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. குரு வரிசை அதற்கு முந்தையது என்பதை இது மறுக்கவில்லை.

பேருக்கு முன்னால 'திருக்கயிலாய பரம்பரை'ன்னு போடறாங்களே, அது எதுக்கு?

ஞான உபதேசம் கயிலையில் சிவபெருமானிடமிருந்து நந்தி தேவருக்கும், அவரிடமிருந்து சனற்குமாரர், சத்தியஞான தரிசினிகள், பரஞ்சோதி முனிவர் ஆகியோருக்கும் வழிவழியாக வந்தது என்பது மரபு. இந்த நால்வரையும் அகச்சந்தானம் என்பர். பரஞ்சோதியாரிடம் உபதேசம் பெற்ற மெய்கண்டார், அவர் மாணாக்கர் அருணந்தி சிவம், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவம் ஆகிய நால்வரும் புறச்சந்தானம். மேலே காலக்கணக்கில் சொன்ன வரிசை இங்கிருந்து தொடர்கிறது. அந்தத் தொடர்ச்சியை நினைவூட்டவே தொடக்கத்தில் 'திருக்கயிலாய பரம்பரை' என்று எழுதுகிறார்கள்.

ஆதீனம், சந்நிதானம், தம்பிரான், காறுபாறு... இந்தப் பேரெல்லாம் குழப்புதே?

ஆதீனம் என்பது மடத்தையும் அதற்குட்பட்ட கிளை மடங்கள், கோயில்கள், நிலங்கள் அனைத்தையும் சேர்த்துக் குறிக்கும். பேச்சு வழக்கில் தலைவரையும் ஆதீனம் என்பர். தலைவரை முன்பு பண்டார சந்நிதி என்றனர், இன்று குருமகா சந்நிதானம் என்கின்றனர். அவர் தம் காலத்திலேயே அடுத்தவரைத் தெரிந்து அமர்த்தினால் அவர் சின்னப்பட்டம். துறவு பூண்டு காவியுடுத்து மடத்தில் இருப்பவர்கள் தம்பிரான்கள். மடத்து நிருவாகத்தைக் கவனிப்பவர் காறுபாறு. குறிப்பிட்ட கோயிலின் அறக்கட்டளையை நடத்துபவர் கட்டளைத் தம்பிரான். தலைவர் தனித்திருக்கும் இடத்துக்கு ஒடுக்கம் என்று பெயர். ஒடுக்கத்தில் பணி செய்பவர் ஒடுக்கத் தம்பிரான்.

தருமபுரமும் இதுவும் ஒண்ணா? ஒரே மடத்தோட ரெண்டு கிளையா?

இரண்டும் தனித்தனி ஆதீனங்கள். தருமபுரம் மயிலாடுதுறையை ஒட்டி இருக்கிறது. அதை நிறுவியவர் குருஞானசம்பந்தர், அவருடைய குரு திருவாரூர்க் கமலை ஞானப்பிரகாசர். திருப்பனந்தாள் காசி மடம் தருமபுர மரபில் வந்த குமரகுருபரரின் வழியது. சித்தாந்த நூல்களுக்குப் பொருள் கொள்வதில் இரு மடத்துப் புலவர்களும் கடுமையாக வாதிட்டது உண்டு. தலைவரைப் பல்லக்கில் ஏற்றி வீதிவலம் வரும் பட்டினப் பிரவேசம் இரு மடங்களிலும் உண்டு என்றாலும், 2022-இல் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் அனுமதிக்கப்பட்டதாகச் செய்திகளில் வந்தது தருமபுரத்தின் நிகழ்ச்சி. இதைத் திருவாவடுதுறையில் நடந்ததாகப் பலர் மாற்றிச் சொல்வதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

மடத்துக்கு இவ்வளவு நிலம் எப்படி வந்தது? துறவிகளுக்குச் சொத்து எதுக்கு?

அரசர்களும் பாளையக்காரர்களும் செல்வர்களும் குறிப்பிட்ட அறத்துக்கென்று எழுதிவைத்தவை அவை. இன்ன கோயிலில் இன்ன பூசை, இன்ன நாளில் இன்னாருக்கு அன்னம் என்று குறித்து நிலத்தை ஒப்படைத்தனர். அதற்குத்தான் கட்டளை என்று பெயர். திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயில், மயிலாடுதுறை மாயூரநாதர் கோயில், சூரியனார்கோயில் முதலியவை இந்த ஆதீனத்தின் பொறுப்பில் உள்ளவை. காவிரிக்கரைக்கு வெளியே திருநெல்வேலிச் சீமையிலும் பெருநிலமும் கிளை மடங்களும் இருந்தன. கல்லிடைக்குறிச்சி மடத்தில் சின்னப்பட்டம் தங்கி அப்பகுதியைக் கவனித்தார். ஆதீனத்தின் தலைவர்களும் தம்பிரான்களும் புலவர்களும் பலர் பாண்டிநாட்டுக்காரர்களாக இருப்பதற்கு இந்தத் தொடர்பே காரணம்.

நிலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பூசைக்கும் அன்னத்துக்கும் போன நெல்லை விளைவித்தவர்கள் குத்தகைக்காரர்களும் பண்ணையாட்களும். தஞ்சை வட்டாரத்தில் அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 1952-ஆம் ஆண்டுப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் வந்த பிறகே அவர்களுக்கு ஓரளவு பிடிமானம் கிடைத்தது. 1963-இல் இனாம் ஒழிப்புச் சட்டமும் வந்தது. மடம் போற்றிய தமிழைப் பேசும்போது அந்தத் தமிழுக்கு நெல் அளந்த கைகளையும் சேர்த்துப் பேசுவதே முறை என்பது என் உறுதியான எண்ணம்.

மடத்துல சைவ சித்தாந்தம் மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாங்களா?

சித்தாந்தம் மையம், ஆனால் இலக்கணம் இல்லாமல் சித்தாந்தம் கைவராது என்ற கொள்கையுடையவர்கள் இம்மடத்தார். அதனால் இலக்கண வரலாற்றில் திருவாவடுதுறைக்கு இடம் பெரிது. இலக்கணக்கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகர் இம்மரபினர். அவரிடம் பயின்ற சங்கர நமச்சிவாயர் நன்னூலுக்கு விருத்தியுரை எழுதினார். அதைத் திருத்திச் செப்பம் செய்தவர் மாதவச் சிவஞான முனிவர். ஆசிரியர், மாணாக்கர், திருத்தியவர் என மூவரும் ஒரே மடத்து வழியில் வந்தது அருமையான தொடர்ச்சி.

சிவஞான முனிவர் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். முக்களாலிங்கர் என்பது பிள்ளைப் பெயர். சிறுவனாக இருந்தபோதே அவ்வழி வந்த தம்பிரான்களோடு மடத்துக்கு வந்து சேர்ந்தார். சித்தாந்தத்தின் முதல் நூலான சிவஞானபோதத்துக்குச் சிற்றுரையும், மாபாடியம் என்ற பேருரையும் செய்தார், தொல்காப்பியச் சூத்திர விருத்தி எழுதினார், காஞ்சிப்புராணம் பாடினார், 1785-இல் மறைந்தார். தணிகைப்புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் அவர் மாணாக்கர்.

மடத்து மரபினர் எழுதிய நூல்கள் தனித் தொகுதியாக உள்ளன. பண்டார சாத்திரம் என்பர், மொத்தம் 14. அவற்றுள் 10 நூல்கள் அம்பலவாண தேசிகர் ஒருவரே இயற்றியவை. தட்சிணாமூர்த்தி தேசிகர் செய்தவை இரண்டு. சுவாமிநாத தேசிகரும் பின்வேலப்ப தேசிகரும் செய்தவை ஒவ்வொன்று.

மாபாடியத்தை மடத்துல ஒளிச்சு வெச்சிருந்தாங்களாமே?

மறைநூலாகப் பேணினார்கள் என்பது உண்மை. சிற்றுரை பலருக்கும் கிடைத்தது. மாபாடியமோ தீட்சை பெற்று முறையாகப் பாடம் கேட்டவர்க்கே உரியது என்று கருதப்பட்டதால், அது முழுமையாக அச்சேறியது முனிவர் மறைந்து நெடுங்காலம் கழிந்து, 20-ஆம் நூற்றாண்டில்தான்.

தகுதியில்லாதார் கையில் நூல் சிதையும் என்று அவர்கள் அஞ்சியதை நான் புரிந்துகொள்கிறேன். ஆயினும் தமிழில் எழுந்த தத்துவ உரைகளுள் மிகப் பெரியதைப் படிக்காமலே ஒரு நூற்றாண்டுக்கு மேல் தமிழ் மாணவர்கள் கடந்துபோனார்கள் என்பது வருத்தம் தருகிறது. பேணியதற்கு நன்றியும் காலம் தாழ்த்தியதற்கு வருத்தமும் ஒருசேர எனக்கு உண்டு.

உ.வே.சா. இங்கே எவ்வளவு காலம் இருந்தார்?

1871-இல், பதினாறு வயதில், அவர் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறையில்) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். பிள்ளை ஆதீன வித்துவானாக இருந்தமையால் ஆசிரியரோடு மாணாக்கரும் திருவாவடுதுறைக்கு வந்து தங்கினார். 1876 பிப்ரவரி 1-இல் பிள்ளை இவ்வூரிலேயே காலமானார். அதன்பின் 16-ஆம் பட்டத்து (மடத்தின் 16-ஆவது தலைவரான) மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் உ.வே.சா.வைத் தம் மாணாக்கராக ஏற்று, மடத்திலேயே மற்றவர்களுக்குப் பாடம் சொல்லவும் வைத்து, குடியிருக்க வீடும் கட்டிக்கொடுத்தார். 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, அவர் இடத்துக்கு உ.வே.சா. சென்றார். பிரிய மனமில்லாமல்தான் தேசிகர் விடைகொடுத்தார்.

1121-ஆம் ஆண்டுக் கல்வெட்டை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பொருளில்லாத குடும்பத்து இளைஞர் ஒருவர் நாள் முழுவதும் ஏடும் எழுத்தாணியுமாக இருக்க முடிந்ததற்குக் காரணம், அவர் உணவுக்கும் உடைக்கும் மடம் பொறுப்பேற்றதுதான். அந்தப் பொறுப்பு இல்லாவிட்டால் பிற்காலத்தில் அவர் பதிப்பித்த நூல்களின் கதை வேறாகியிருக்கும்.

மடத்துல அவ்வளவு படிச்சவருக்குச் சங்க நூல்களே தெரியாமப் போனது எப்படி?

நியாயமான கேள்வி, மடத்துக் கல்வியின் எல்லையைத் தொடுகிறது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம், கம்பராமாயணம், இலக்கணம், சித்தாந்த சாத்திரம் என்று அங்கே பயின்றது மலையளவு. ஆனால் சமணக் காப்பியமான சீவகசிந்தாமணியும் பழைய தொகை நூல்களும் பாடத்தில் இல்லை. 1880 அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், தாம் கற்ற நூல்களை உ.வே.சா. பெருமிதத்தோடு அடுக்கியபோது, அவற்றால் என்ன பயன் என்று கேட்டுச் சிந்தாமணியைப் படிக்கச் சொன்னார். அதிலிருந்து ஏழாண்டில், 1887-இல், சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது.

மடத்தில் பாடம் சொல்லப்படாமல் போனாலும் ஏடுகள் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உ.வே.சா. ஒப்புநோக்கிய சுவடிகளில் இம்மடத்துச் சுவடிகளும் உண்டு. தேசிகர் பிற இடங்களிலிருந்தும் ஏடு வருவித்து உதவினார். முன்னே சொன்ன மாபாடியத்தின் செய்தியையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரே மடம் ஒரு நூலை இறுகப் பிடித்ததையும் மற்றொன்றுக்குக் கைதந்ததையும் காணலாம்.

ஆறுமுக நாவலருக்கு 'நாவலர்' பட்டம் கொடுத்தது இந்த மடமா?

ஆம், 1849-இல். அச்சுப்பொறி வாங்க யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டவர், வழியில் திருவாவடுதுறைக்கு வந்தார். மடத்தில் அவர் செய்த சொற்பொழிவைக் கேட்டு ஆதீனம் அவருக்கு அந்தப் பட்டத்தை வழங்கியது. பின்னர் 1851-இல் நன்னூல் விருத்தியுரையை அச்சிட்டவரும் அவரே. சங்கர நமச்சிவாயரும் சிவஞான முனிவரும் இம்மடத்தில் செய்தது, யாழ்ப்பாணத்தவரின் கையால் நாடெங்கும் பரவியது.

இசையிலும் இப்படி ஒரு பட்டம் உண்டு. வைத்தியநாதையர் பன்னிரண்டு வயதுச் சிறுவராகக் கல்லிடைக்குறிச்சி மடத்தில் பாடியபோது அவருக்குக் கிடைத்ததுதான் 'மகா' என்ற அடை; அன்றிலிருந்து அவர் மகா வைத்தியநாதையர்.

சைவர்களைத் தவிர மத்தவங்களை மடம் சேர்த்துக்கிச்சா?

புலமையின் வழியாக வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கிறித்தவர். சுப்பிரமணிய தேசிகரின் நெருங்கிய நண்பர். 1876-78 பெரும்பஞ்சத்தில் தேசிகர் பசித்தவர்களுக்கு உணவளித்ததைப் பாராட்டி அவர் பாடல்கள் இயற்றினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரான சவேரிநாத பிள்ளையும் கிறித்தவரே, உ.வே.சா. ஸ்மார்த்தப் பிராமணர்.

ஆனால் பந்தி வேறு வேறாக இருந்தது, பட்டத்துக்கு வருபவர்கள் சைவ வேளாளர் மரபினராக இருந்தார்கள் என்பதும் மறைக்கக்கூடாத உண்மை. பசுக்களுக்காக மாடு மேய்ப்பவரின் உடலை ஏற்ற யோகியின் ஊர் இது என்பதால் இந்தக் குறை எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

நாகஸ்வரத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு?

தோடி இராகம் என்றதும் நினைவுக்கு வரும் டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இந்த ஆதீனத்தின் வித்துவான். அவர் பெயரின் முன்னெழுத்தே திருவாவடுதுறையைச் சொல்லும். பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடையும் ஊர். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருதி குறைந்த, நீளம் கூடிய பாரி நாகஸ்வரம் உருவானதும் இராஜரத்தினம் பிள்ளையின் விருப்பத்துக்கேற்ப அவ்வூர் ஆசாரியார் கைவினையில்தான். ஊதும் நுனியில் பொருத்தும் சீவாளியைக் கொறுக்கைப் புல்லில் செய்பவர்கள் திருவாவடுதுறையில் இருக்கிறார்கள். கருவி ஓர் ஊர், சீவாளி ஓர் ஊர், வாசிப்பவர் மடத்தில் என்று எல்லாம் நடந்து போகும் தொலைவில் அமைந்தது.

1947 செங்கோல் கதை எவ்வளவு உண்மை?

இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1947 ஆகஸ்டு 14 அன்று, அப்போது 20-ஆம் பட்டத்தில் இருந்த அம்பலவாண தேசிகர் அனுப்பிய தம்பிரானும் ஓதுவாரும் இராஜரத்தினம் பிள்ளையும் டெல்லி சென்று, நேருவின் இல்லத்தில் அவருக்குச் செங்கோலை அளித்தனர். அந்த மாதத்துப் பத்திரிகைச் செய்திகளே இதற்குச் சான்று. செங்கோலைச் செய்தவர்கள் சென்னை உம்மிடி பங்காரு செட்டி நகைக்கடையார். சம்பந்தரின் கோளறு பதிகம் ஓதப்பட்டதாக மடம் சொல்கிறது. பின்பு செங்கோல் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2023 மே 28-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டது.

மவுண்ட்பேட்டன் கையில் முதலில் கொடுத்து, அவரிடமிருந்து பெற்று, ஆட்சி மாற்றத்தின் அரசு அடையாளமாக நேருவிடம் வழங்கப்பட்டது என்ற பகுதியில்தான் கருத்து வேறுபாடு. அக்காலத்து அரசு ஆவணம் எதுவும் இதற்குக் காட்டப்படவில்லை. வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. காவிரிக்கரைச் சிற்றூரிலிருந்து ஒரு மடத்தார் விடுதலை நாளுக்கு வாழ்த்துடன் சென்றதே போதிய பெருமை. அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை என்று நினைக்கிறேன்.

இப்ப மடம் அரசாங்கத்துக்கிட்ட இருக்கா, தனியாரா?

மடத்தை நடத்துபவர் குருமகா சந்நிதானமே; 2012 முதல் 24-ஆம் பட்டத்து அம்பலவாண தேசிக பரமாசாரியார் அப்பொறுப்பில் இருக்கிறார். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் மடங்களுக்கும் பொருந்தும் என்றாலும், கோயில்களைப்போல நேரடி நிருவாகம் அங்கே இல்லை. மடாதிபதியின் உரிமைகள் எவை, அரசு எந்த அளவுக்குத் தலையிடலாம் என்பதை 1954-இல் சிரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின் எழுந்ததே 1959 சட்டம்.

எப்ப வந்தா நல்லது? எதை முதல்ல பார்க்கணும்?

மடத்தைப் பார்க்கத் தை மாதம் அசுவதி நட்சத்திரத்தில் வாருங்கள். நமச்சிவாய மூர்த்திகளின் குருபூசை அன்றுதான். இதை மகரத் தலைநாள் என்பார்கள்: மகரம் தை மாதம், தலைநாள் இருபத்தேழு நட்சத்திரங்களில் முதலாவதான அசுவதி. மேலே சொன்ன திருமூலர் குருபூசையும் அசுவதியே என்பதால் மாதத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அன்று கூட்டம் மிகுதி. மகேசுவர பூசையில் அன்னம் இடுவார்கள். சுவடிகளுக்காக வருகிற ஆய்வாளர்கள் குருபூசை நாளைத் தவிர்த்து, முன்னதாக எழுதி இசைவு பெற்று, மடத்துச் சரசுவதி மகால் நூலகத்துக்குச் செல்வது நல்லது.

மற்ற நாளில் வருகிறவர்கள் காலையில் கோயிலிலிருந்து தொடங்குங்கள். பெரிய நந்தியைக் கடந்து உள்ளே சென்று வழிபட்டு, திருமூலர் சந்நிதியில் சற்று உட்காருங்கள். பிறகு கருவறையின் வெளிச்சுவரை ஒட்டி மெதுவாக வலம் வாருங்கள். சாய்வான காலை வெயிலில் கல்லெழுத்துகள் நன்றாகத் தெரியும். அதன்பின் மடத்துக்குப் போங்கள்.